இறந்த பெண்களுக்கு நான் வழங்கிய கல்வி

பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்ட ஆய்வாளரும், வெளி நிறுவனமொன்றின் இளம் ஆய்வாளர் விருதுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவருமாகிய என் மகனுக்கு, உன் தாய் உரிய மரியாதையுடன் எழுதிக்கொள்வது. உன் ஆய்வுக் கட்டுரையின் அச்சுப்படி தபாலில் வந்து சேர்ந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. இத்தனை நாள் மறுமொழி எழுதாமல் இருந்ததற்காக என்னைப் பொறுத்தருள வேண்டும். முழங்கால் வலி என்று காரணம் காட்டலாம். அது பொய்யாக இருக்கும். கட்டுரையை முழுவதுமாக இரண்டு முறை வாசித்தேன். அதன்பின் சினம் அடங்கட்டும் என்று காத்திருந்தேன். அடங்கவில்லை. ஆகையால் சினத்தோடேயே எழுதுகிறேன்.

இங்கு நடந்தவற்றை முதலில் தெரிவித்துவிடுகிறேன். விருதுச் செய்தி வந்த மறுநாளே சபை வாலிபர் சங்கத்தார் ஆலய முக்கில் உனக்கு ஒரு போர்டு வைத்தார்கள். அதில் உன் தலையை யாருடைய கோட்டின் மேலோ ஒட்டியிருக்கிறார்கள். உன் படத்தின் கீழே வாழ்த்துவோர் பன்னிரண்டு பேர். அவர்களுள் நால்வரின் முகம் உன் முகத்தைக் காட்டிலும் பெரியது. ஞாயிறு ஆராதனையில் போதகர் உன் பெயரை அறிவித்தார். எதற்காக விருது என்று அவரும் சொல்லவில்லை, எவரும் கேட்கவும் இல்லை. வீடு திரும்பும் வழியில் உன் அப்பா மட்டும், "ஏட்டி, செத்தவியளப் பத்தி நீ எழுதி வச்ச நோட்டுக்கா பயலுக்கு பிரைஸ் குடுத்திருக்கானுவ? அப்போ கப்பு ஒனக்காக்கும் தரணும்," என்று சொல்லிச் சிரித்தார். உன் அப்பா தம் வாழ்நாளில் சொன்ன வேடிக்கைகளுள் என்னைக் குத்தியது அந்த ஒன்றுதான்.

பிறகு உன் பல்கலைக்கழகச் செய்திமடலிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். "அம்மா, உங்க சன் அவார்டு வாங்கியிருக்கார். எப்படி ஃபீல் பண்றீங்க?" என்றாள். "கட்டுரை இன்னும் என் கைக்கு வரவில்லை. வாசித்தபின் கருத்துச் சொல்கிறேன்," என்றேன். "சும்மா ரெண்டு வரி போதும்மா." "வாசிக்காத ஒன்றைப் பற்றி இரண்டு வரி சொல்வது உங்கள் இடத்தில் வழக்கமா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள். நீ அனுப்பிய அந்தச் செய்திமடலில், எட்டாம் வகுப்பு மட்டுமே பயின்ற ஏழைத்தாய் செய்தி கேட்டு ஆனந்தக் கண்ணீர் வடித்ததாக அச்சிட்டிருக்கிறார்கள். நான் அழவில்லை. சாளை கழுவிக்கொண்டிருந்தேன், கையில் செதிள் ஒட்டியிருந்ததால் பேச்சைச் சுருக்கினேன். அந்த ஒரு வாக்கியத்தில் மூன்று பொய்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று என்னுடையது. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

அதே மடலில் உன்னோடு வெளிவிருது பெற்ற பிற மாணவர்களின் செய்திகளையும் விடாமல் வாசித்தேன். ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி ஒருவரை அந்தி வெயிலில் மரத்தடியில் நிறுத்தி, கத்தியும் கையுமாகப் படமெடுத்த ஒருவனுக்குத் தேசிய அளவில் ஒளிப்படப் பரிசு. பால் வெட்டுவது விடியும் முன்னே என்பது நடுவர் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. கடலைப் பற்றிக் கவிதை எழுதி வெள்ளிப் பதக்கம் வாங்கிய ஒருத்தி, மீனவக் கிழவன் தூண்டில் போட்டு நெத்திலி பிடிப்பதாக எழுதியிருக்கிறாள். மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலிருந்து நமக்கு மீன் கொண்டுவரும் ரோஸ்லினுக்கு அதை வாசித்துக் காட்டினேன். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "நெத்திலிய தூண்டில்லயா? எக்கா, ஒரு நேரக் கொழம்புக்கு அந்த மனுசன் எத்தற நாளு குத்தவச்சிருக்கணும்!" என்றாள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். படிப்பை மேலங்கிபோல் உடுத்துக்கொண்டு, கேட்டறிய வேண்டியதைக் கேளாமல், மேடைக்கு ஓடுகிற கூட்டம் என்று அவர்களை மனமார இகழ்ந்தேன். என் மகன் இவ்வகையினன் அல்லன் என்ற செருக்கோடு உன் கட்டுரையைத் திறந்தேன்.

அடக்க ஆராதனைகளில் வாசிக்கப்படும் ஜீவிய சரிதைகளைக் கொண்டு இப்பகுதிப் பெண்களின் எழுத்தறிவு வரலாற்றை நீ எழுதியிருக்கிறாய். அந்த வழக்கத்தை முன்னுரையில் நீ விளக்கியிருப்பதில் குறையில்லை. நம் சபையில் ஒருவர் இறந்தால், சவப்பெட்டி எடுக்கும் முன்பு, அவர் எங்கே பிறந்தார், என்ன படித்தார், யாரை மணந்தார், எப்படி முடிந்தார் என்பதை ஒரு தாளில் எழுதிக் கூட்டத்தார் முன் வாசிப்பார்கள். முன்பு அதைப் பள்ளித் தலைமையாசிரியர் எழுதிவந்தார். அவர் இறந்த நாளில் அவருடைய சரிதையை எழுத ஆளில்லாமல் சபை ஊழியரான உபதேசியார் முற்றத்தில் தவித்து நின்றபோது, நான் எழுதிக் கொடுத்தேன். வாசித்து முடிந்ததும், யார் எழுதியது என்று கூட்டம் கேட்டது. அன்று முதல் இந்த ஊரில் ஒருவர் கண்மூடினால், பெட்டிக்குச் சொல்ல ஒருவரும் என்னிடம் ஒருவருமாக ஓடுவார்கள். முதலாண்டு நினைவு அட்டை அச்சிட மறுபடியும் கேட்பார்கள் என்பதால் ஒவ்வொன்றுக்கும் நோட்டில் நகல் வைத்தேன். அந்த நோட்டுகளே உன் ஆவணக் களஞ்சியம்.

இனி நீ கேளாததைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டு வயலெட்டின் தாய் செல்லபாய் இறந்த நாள் அது. வயலெட் தலைவிரி கோலமாக வந்து என் அடுக்களை வாசலில் நின்றாள்.

"நாலு மணிக்கு எடுக்கணும்ணு உபதேசியார் சொல்லியாச்சு. சட்டுணு எழுது பிள்ளே."

"படிப்பு என்ன போடணும்?"

"அம்மைக்கு என்னத்த படிப்பு? கைநாட்டுதான்."

"அப்போ அத விட்டிருவேன்."

"விடாண்டாம். போன மாசம் மேலத்தெரு அக்காக்கு வாசிக்கும்போ ஏழாங்கிளாசுண்ணு வாசிச்சாவ. எம்மவளக் கெட்டிக் குடுத்த வீட்டுக்காரவிய எல்லாம் மெட்ராசுல இருந்து வந்து இருக்காவ. அவிய முன்னால அம்மைக்கு ஒண்ணுமே இல்லாம வாசிச்சா எனக்காக்கும் கொறச்சல். நீ நல்ல வார்த்தையா ஏதாவது போடு, கேட்டியா? ஒனக்கா தெரியாது?"

வகுப்பு எதையும் போட எனக்குத் துணிவில்லை. பள்ளிக்கூடத்தில் பதிவேடு இருக்கிறது. கூடப் படித்ததாகச் சொல்லத்தக்க கிழவிகள் கூட்டத்திலேயே இருந்தார்கள். எவராலும் சரிபார்க்க இயலாத ஒரு கல்வி தேவைப்பட்டது. 'பள்ளி செல்லும் வாய்ப்பு மறுக்கப்பட்டபோதும், தாமாகவே எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகி, ஆலயத்தில் பாட்டுப் புத்தகத்தைப் பிறர் துணையின்றி ஏந்தியவர்' என்று எழுதினேன். செல்லபாய் பாட்டுப் புத்தகத்தை ஏந்தியது மெய். பல நாள் தலைகீழாக ஏந்தியதை நானே பார்த்திருக்கிறேன். உபதேசியார் அதை வாசித்தபோது வயலெட் வாய்விட்டு அழுதாள். சென்னைச் சம்பந்திகள் தலையசைத்தார்கள்.

அதோடு முடியவில்லை. அடுத்த வீட்டார் வந்தபோது, "செல்லபாய்க்கு எழுதினியே, அதப் போல எங்க மாமிக்கும் ஒண்ணு போடு மக்கா," என்றார்கள். அதற்கடுத்த வீட்டார் அதைவிடச் சற்றுக் கூடுதலாகக் கேட்டார்கள். ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப எழுத என் தன்மானம் இடங்கொடுக்கவில்லை; எனவே அலங்கரித்தேன். ஒருத்தி மாவுச் சாக்கின் மேலிருந்த எழுத்தைப் பார்த்துக் கற்றாள். ஒருத்தி கொழும்பிலிருந்து கணவன் எழுதிய கடிதங்களைக் கொண்டு கற்றாள். ஒருத்தி கல்லறைத் தோட்டத்துக் கற்களில் விரல் வைத்துத் தடவிக் கற்றாள். இவ்வாறு ஒரு தலைமுறைப் பெண்கள் அனைவரையும், அவர்கள் இறந்த பிறகு, அரை மணி நேர அவகாசத்தில் நான் படிக்க வைத்தேன். ஆண்களுக்கு இது தேவைப்படவில்லை. அவர்களுக்கு நற்குணம் மட்டுமே இட்டுக்கட்டினேன்.

நீ கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்து அந்த நோட்டுகளைத் தற்செயலாக எடுத்துப் பிரித்தது நினைவிருக்கிறதா? நான் மாவு இடித்துக்கொண்டிருந்தேன். "அம்மா, இது என்னதுண்ணு ஒனக்குத் தெரியாது. பெரிய ஆவணமாக்கும்," என்றாய். "அப்படியா?" என்றேன். "இஞ்ச பாரு, ஒவ்வொருத்தியும் தானாப் படிச்சிருக்கா!" என்றாய். "ஆமா, அப்படித்தான் எழுதியிருக்கு," என்றேன். அந்த விடையில் பொய் இல்லை. பொய்யைவிடக் கீழான ஒன்று இருந்தது. என் எழுத்தை ஆவணம் என்று அதுவரை எவரும் அழைத்ததில்லை. நீ பக்கம் பக்கமாகக் கைபேசியில் படமெடுத்தாய். நான் வெளிச்சத்துக்காக ஜன்னலைத் திறந்துவிட்டேன். அன்றைக்கே உலக்கையைக் கீழே வைத்துவிட்டு உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் குற்றம். உன்னைப் பழிக்கும் தகுதியை அதனால் இழந்தேனோ என்று மூன்று வாரமும் எண்ணினேன். இழக்கவில்லை என்றே முடிவு செய்தேன். நான் செய்தது துக்க வீட்டு உபசாரம், நீ செய்திருப்பது ஆராய்ச்சி.

உன் மூன்றாம் இயலைப் பார். 'மௌன எழுத்தறிவு இயக்கம்' என்று அதற்குப் பெயரே சூட்டிவிட்டாய். மாவுச் சாக்குக்கு ஒரு பகுதி, கொழும்புக் கடிதங்களுக்கு ஒரு பகுதி. கல்லறைத் தோட்டத்துக்கு 'நடுகல்வழிக் கற்றல்முறை' என்று ஒரு புதுச்சொல்; அதற்கு ஓர் அட்டவணை; அதன் மேல் ஒரு வரைபடம். நடுவர்கள் தங்கள் பரிந்துரையில் 'அடித்தட்டுப் பெண்களின் கலப்படமற்ற குரல்' என்று எழுதியிருக்கிறார்கள். கலப்படமற்ற! ஒரே நோட்டு, ஒரே கையெழுத்து, ஏறத்தாழ ஒரே சொற்கள். பஞ்சாயத்து அலுவலகத்தில் இருபது மனுக்கள் ஒரே கையெழுத்தில் வந்தால் அங்குள்ள பியூன்கூட, இதை எழுதியது யார் என்று கேட்பான். உங்களுள் ஒருவருக்கும் அந்த எளிய ஐயம் எழவில்லை. உனக்கு எழுந்திருக்கிறது, எழுந்ததை நீ ஒழித்துக் கட்டியதுதான் எனக்கு ஆறவில்லை. 'சொற்றொடர்கள் ஒத்திருப்பது வாய்மொழி மரபின் வாய்பாட்டுத் தன்மையைக் காட்டுகிறது' என்று ஓர் அடிக்குறிப்பு எழுதியிருக்கிறாய். அந்த வாய்பாடு அடுத்த அறையில் உனக்குப் புட்டு அவித்துக்கொண்டிருந்தது. எழுந்து வந்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

நம் ஊரில் உயிரோடிருக்கும் எழுபது வயதுப் பெண்கள் எத்தனையோ பேர். அவர்களுள் ஒருத்தியிடமாவது, 'உங்கள் தாய்க்கு வாசிக்கத் தெரியுமா' என்று கேட்டாயா? காகிதம் எதிர்த்துப் பேசாது, டீ கேட்காது, உன் சட்டகத்துக்குள் அடங்காத எதையும் சொல்லாது. ஆகவே உனக்குக் காகிதம் போதுமானதாயிற்று. கேட்க வெட்கப்படுகிறவன் ஆய்வாளன் ஆகலாகாது, மகனே. அவன் வேறு ஏதேனும் கௌரவமான வேலைக்குப் போகலாம்.

அடிக்குறிப்பு ஒன்றில் என்னையும் குறித்திருக்கிறாய்: 'சபையின் உள்ளூர் எழுத்தர், எட்டாம் வகுப்புக் கல்வி பெற்றவர்.' பெயர் இல்லாதது பற்றி எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த எட்டாம் வகுப்பு என் பொய், செய்திமடலின் மூன்று பொய்களுள் என்னுடையது. நான் இரண்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. என் எட்டாம் வயதில் அண்டியாபீசில் முந்திரிக் கொட்டை உடைக்கச் சேர்த்தார்கள். தொழிற்கூடத்தின் பின்சுவருக்கு அப்பால் மிஷன் காலத்துக் கல்லறைத் தோட்டம். மத்தியானக் கஞ்சிக்கு விடும்போது மற்ற பிள்ளைகள் மாமரத்துக்குப் போவார்கள். நான் சுவர் ஏறிக் குதிப்பேன். முந்திரிப் பால் பட்டுக் கறுத்துத் தோலுரிந்த விரலைக் கல்லில் செதுக்கிய எழுத்துக்குள் வைத்து, தெரிந்த எழுத்திலிருந்து தெரியாத எழுத்துக்கு நகர்வேன். முழுதாக வாசித்த முதல் சொல் 'நித்திரை'. அதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் ஆயிற்று. என் நடை ஏன் இப்படிக் கல்வெட்டுப்போல் விறைத்திருக்கிறது என்று நீ கல்லூரிக் காலத்தில் கேலி செய்வாய். அதை நான் கற்ற இடத்தில் எவரும் கொச்சையாக எழுதி வைப்பதில்லை.

உன்னைப் பள்ளியில் சேர்த்த அன்று, வரிசையில் எனக்கு முன் நின்றவள் தாயின் கல்வி என்ற இடத்தில் பத்தாம் வகுப்பு என்று சொன்னாள். என் முறை வந்தது. "அம்மாக்குப் படிப்பு?" என்று தலைமையாசிரியை கேட்டார். எட்டு என்றேன். நீ என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாய். பிறகு அதைத் திருத்த எனக்கு வாயில்லை. எனக்கு வெட்கமாயிருந்த ஒன்றை, இறந்த பெண்களுக்குப் பெருமையாக எடுத்துக் கொடுத்தேன். நீ 'இயக்கம்' என்று எழுதியிருப்பது ஒருத்தி சுவரேறிக் குதித்தது. உன் அட்டவணையில் உள்ள பெண்களுள் ஒருத்திகூட அதைச் செய்யவில்லை. செய்தவள் உன் அட்டவணையில் இல்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை வயலெட்டிடம் போய், உன் கட்டுரையைப் பற்றியும், செல்லபாயைப் பற்றி நான் எழுதியது அச்சில் வரப்போவதைப் பற்றியும், அது திருத்தப்பட வேண்டும் என்பதைப் பற்றியும் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"அம்மைக்கு எழுத்தறியாதுண்ணு எனக்குத் தெரியாதா? நானாக்கும் ஒங்கிட்ட கேட்டு வாங்கினேன். ஆனா எம் பேத்திக்குத் தெரியாதே. பூட்டி தானாப் படிச்சாண்ணு பள்ளிக்கூடத்துல மேடையேறிச் சொல்லி அவளும் ஒரு கப்பு வாங்கியாச்சு. இனி நீ போய் இல்லேண்ணு சொன்னா, அந்தப் பிள்ள ஆரு மொகத்துல முழிக்கும்?"

"பொய்யில நிக்கலாமா அந்தப் பிள்ள?"

"எழுதும்போ கண்ணக் கெட்டிட்டா எழுதின? எழுதினது நீ, வாங்கினது நான். இப்பம் அழிக்கணும்ணா நீயே வந்து அவகிட்ட சொல்லு. என்னால ஒக்காது."

அவள் சொன்னது முழுவதும் நியாயம். அந்தப் பிள்ளை சனிக்கிழமை விடுமுறைக்கு வருகிறாள். நானே சொல்வதாக ஒப்புக்கொண்டேன். பூட்டிக்கு எழுத்துத் தெரியாது என்றும், தெரியாமலே ஆறு பிள்ளைகளை வளர்த்தாள் என்றும், பொய் சொன்னது எதிரே நிற்கும் இந்தக் கிழவி என்றும் சொல்வேன். பதினொரு வயதுப் பெண்ணிடம் நான் தலைகுனிந்து சொல்லப்போவதை, முப்பதை நெருங்கும் நீ உன் நடுவர்களிடம் சொல்வாயா என்பதே என் கேள்வி.

நீ சொல்லக்கூடிய சமாதானங்களை நான் அறிவேன். மேடை அடுத்த மாதம், வழிகாட்டிக்கு அவமானம், மூன்றாம் இயல் போனால் விருதும் போகும், பட்டம் ஓராண்டு தள்ளும். இவை அனைத்தும் நடக்கும். நடக்கட்டும். நான் வாய்மூடி இருந்தால் இவற்றுள் ஒன்றும் நடக்காது என்பதையும் அறிவேன். ஆனால் உன் கட்டுரையை ஆதாரமாக எடுத்து இன்னொருவன் எழுதுவான், அவனை எடுத்து வேறொருவன், இல்லாத ஒரு பெண்கூட்டம் சுவரேறிக் குதித்துக்கொண்டே இருக்கும். உன் நடுவர்களுக்கு நான் சொல்லப் போவதில்லை. அது உன் எழுத்து. உன் கையால்தான் அழிய வேண்டும். சாட்சி தேவைப்பட்டால், நோட்டுகளோடு வந்து எந்த அறையிலும் நிற்கிறேன், கையொப்பமிட்டும் தருகிறேன். இக்கடிதத்தையே இணைத்துக்கொள், நான் மறுக்க மாட்டேன். எட்டாம் வகுப்பு என்பதையும் அப்போது அடித்துவிடு.

நான் உன்னை இகழ்கிறேன் என்று இதை வாசிக்கையில் உனக்குத் தோன்றினால், சரியாகவே தோன்றுகிறது. அந்த நெத்திலிக் கவிதைக்காரியையும் இகழ்ந்தேன், ஆனால் அவளுக்குக் கடிதம் எழுதவில்லை.

நடுவர்களுக்கு எழுதப் போகிறாயா இல்லையா என்பதை மட்டும் ஒரு வரியில் தெரிவி. வெள்ளிக்கிழமைக்குள் எனக்குத் தெரிய வேண்டும். சனிக்கிழமை அந்தப் பிள்ளையிடம், 'உன் பூட்டியைப் பற்றித் தவறாக எழுதிய இருவரும் திருத்திவிட்டார்கள்' என்று சொல்வதா, 'ஒருத்தி மட்டும் திருத்தினாள்' என்று சொல்வதா என்பது அதைப் பொறுத்தது. தாமதிக்காமல் பதில் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா